அன்னாள் தைத்த சின்னச் சட்டை



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீருக்காகக் கீழ்த்தளத்துக்கு இறங்கிய பின்னும், நம் சபையின் ஒரு சகோதரி தம் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். கையில் ஒரு கடிதம். ஒன்பது ஆண்டுகளாக அவர் மாதந்தோறும் பணம் அனுப்பி ஆதரித்துவந்த உகாண்டா நாட்டுச் சிறுமி, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டதால் திட்டத்திலிருந்து விலகிவிட்டாள் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. நான்கே வரிகள். அதற்குக் கீழே, அவளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளையை ஏற்றுக்கொள்ள விருப்பமா என்ற கேள்வியும், ஒரு புதிய புகைப்படமும் இருந்தன.

"பாஸ்டர், போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட விடவில்லையே" என்றார். பிறகு, தாம் அழுவது முறைதானா என்று என்னிடமே கேட்டார். "நான் பெற்ற பிள்ளையா? ஒரு நாளாவது நேரில் பார்த்ததுண்டா? இதற்குப் போய் அழுகிறேனே."

அன்று ஜெபித்தேன், அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இந்த வாரம் எழுதுகிறேன். நம் சபையில் பல குடும்பங்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் பிலிப்பைன்ஸிலும் பிள்ளைகளை ஆதரித்துவருகிறீர்கள். ஆகவே இது ஒருவருக்கு மட்டுமான கடிதம் அல்ல. இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களில் பலர் அறியாதது: நான் ஆதரவு கொடுத்தவர்களின் பக்கத்திலிருந்து வந்தவனல்லன், ஆதரவு பெற்ற பிள்ளைகளின் பக்கத்திலிருந்து வந்தவன்.

முகம் தெரியாத பிள்ளைக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் இந்த வழக்கம் நம் காலத்தில் பெரும்பாலும் கொரியப் போரின் சாம்பலிலிருந்து பரவியது. பாப் பியர்ஸ் 1950இல் வேர்ல்டு விஷனைத் தொடங்கினார். எவரெட் ஸ்வான்சன் 1952இல் கொரிய அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பணி பின்னாளில் கம்பாஷன் என்ற பெயர் பெற்றது. 1959இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் சில கிறிஸ்தவர்கள் இந்தியப் பிள்ளைகள் ஐந்து பேரை ஆதரிக்கத் தொடங்கினார்கள். அது கிண்டர்நோட்ஹில்ஃபே என்னும் பெரிய அமைப்பாக வளர்ந்தது. தென்னிந்தியத் திருச்சபைகளின் போர்டிங்குகளில் படித்து வந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஏர்மெயில் உறையின் சிவப்பு நீலக் கரை அவர்களுக்கு நினைவிருக்கும்.

எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதற்கு முன், கொடுக்கிற பக்கத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன்.

முதல் மகிழ்ச்சி புகைப்படத்தில் இருக்கிறது. ஆலய வாசலில் மேசை போட்டு, அட்டைகளைப் பரப்பி வைத்திருக்கும் ஞாயிறுகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு முகம், பெயர், வயது. நாம் எடுக்கிறோம், வைக்கிறோம், மீண்டும் எடுக்கிறோம். சிரிக்கும் சின்னப் பெண்பிள்ளைகளின் அட்டைகள் முதலில் தீர்ந்துபோகின்றன. மீசை அரும்பும் வயதை நெருங்கும் பையன்கள், கேமராவை முறைத்துப் பார்க்கிறவர்கள், மேசையின் ஓரத்தில் மிஞ்சிவிடுகிறார்கள். மனித முகங்களைச் சந்தைப் பொருள்போல் தெரிந்தெடுக்கிறோமே என்று அப்போது நெஞ்சில் ஒரு முள் தைக்குமானால், அந்த முள் தேவையானது. அதைப் பிடுங்கி எறியவேண்டாம். வேர்ல்டு விஷன் நிறுவனம் 2019இல் இதைத் தலைகீழாக மாற்றி, கொடுப்பவர்களின் படங்களை வைத்து, தனக்குரியவரைப் பிள்ளையே தெரிந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. அவர்களுக்கும் அந்த முள் தைத்திருக்க வேண்டும்.

அடுத்து முதல் கடிதம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கும். தனக்கு ஒரு ஆடு உண்டு, நண்பனின் பெயர் இன்னது, தண்ணீர் எடுத்துவர அம்மாவுக்கு உதவுகிறேன், உங்கள் ஊரில் பனி விழுமா என்றெல்லாம் இருக்கும். ஓரத்தில் ஒரு பூ அல்லது வீடு வரையப்பட்டிருக்கும். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டாதவர் யார்?

பிறகு இரண்டாம் கடிதம், மூன்றாம் கடிதம், ஆறாம் கடிதம். எல்லாம் ஒரே மாதிரி. நீங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் விடை இல்லை. கிறிஸ்மஸில் கேட்டதற்கு உயிர்த்தெழுந்த ஞாயிறு கழித்து ஏதோ ஒரு பதில் வருகிறது. அதுவும் நீங்கள் கேட்டதற்கானது அல்ல. நம்மில் ஒருவர் என்னிடம் சற்றுக் கசப்போடு சொன்னார்: "நாலு பக்கம் எழுதினேன் பாஸ்டர். நாலு வரி வந்தது. நன்றி இல்லாத பிள்ளையோ?"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனென்றால் அந்த நாலு வரியை எழுதிய பிள்ளை நான்.

போர்டிங்கில் ஆண்டுக்கு இரண்டு முறை கடித நாள் வரும். சனிக்கிழமை காலை. எங்களை வரிசையாகத் தரையில் உட்காரவைத்து, வார்டன் ஐயா கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுவார். நான் நலம். நன்றாகப் படிக்கிறேன். எங்கள் வீட்டில் அனைவரும் நலம். உங்களுக்காக ஜெபிக்கிறேன். அறுபது பையன்களும் அதைப் பார்த்து எழுதவேண்டும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலம் தெரியாத எங்களுக்கு அவை எழுத்துகள் அல்ல, கோடுகள். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அறுபது பிள்ளைகளின் கடிதங்களைத் தனி ஒருவர் வேறெப்படி முடிப்பார்?

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது என் தகப்பனார் இறந்தார். அடக்கம் முடிந்து போர்டிங்குக்குத் திரும்பிய மாதத்தில் கடித நாள் வந்தது. கரும்பலகையில் இருந்ததை அப்படியே எழுதினேன். எங்கள் வீட்டில் அனைவரும் நலம். மறைக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லக் கரும்பலகையில் ஒரு வரி இல்லை.

ஆகவே உங்கள் கைக்கு வரும் மெலிந்த கடிதத்தை எடைபோடும்போது, அது கடந்துவரும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியது முதலில் அந்த நாட்டு அலுவலகத்துக்குப் போகிறது. உகாண்டாவின் நடுப்பகுதியானால் லுகாண்டா மொழியில் பெயர்க்கப்படுகிறது. அங்கிருந்து சபை வளாகத்திலுள்ள பிள்ளைகள் மையத்துக்கு. அங்கே பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு பெரியவரின் கண்முன் எழுதுகிறது. அதை யாரோ படித்துப் பார்க்கிறார்கள், யாரோ மொழிபெயர்க்கிறார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்காக முகவரியோ தொலைபேசி எண்ணோ பரிமாறப்படுவதில்லை. அது சரியான விதியும்கூட. இத்தனை கைகளைத் தாண்டி ஒரு குழந்தையின் இருதயம் உங்களிடம் வந்து சேர வேண்டும். வருவது நாலு வரி என்றால், அதையே நான் அதிகம் என்பேன்.

இவ்வளவு கைகள் இருப்பதால் தவறும் நேர்ந்திருக்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. 1998இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் செய்தியாளர்கள் தாங்களே பிள்ளைகளை ஆதரித்து, பிறகு நேரில் தேடிச் சென்று பார்த்தார்கள். இறந்துபோன பிள்ளையின் பெயரிலும் பணம் வாங்கப்பட்டதை அவர்கள் வெளியிட்டார்கள். அதன்பின் நிறுவனங்கள் தங்கள் கணக்கையும் கண்காணிப்பையும் இறுக்கின. கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஆண்டறிக்கையைக் கேளுங்கள், படியுங்கள்.

பயன் உண்டா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. மூன்று பொருளியல் அறிஞர்கள் கம்பாஷன் அமைப்பின் ஆதரவில் வளர்ந்தவர்களை உகாண்டா, இந்தியா உட்பட 6 நாடுகளில் ஆராய்ந்து, 2013இல் வெளியிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி, ஆதரவு பெற்றவர்களை அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் ஒப்பிட்டார்கள். ஆதரவு பெற்றவர்கள் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டுவரை கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தார்கள்.

உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் கிடைத்தது. நான் போர்டிங்குக்குப் போனேன். என் தம்பி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான். யார் தெரிந்தெடுத்தார்கள், எதை வைத்துத் தெரிந்தெடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை. பெயர் சொல்லி ஒரு பிள்ளையைத் தாங்கும் முறையில் இந்தக் காயம் எப்போதும் உண்டு. அதனால்தான் பல அமைப்புகள் இன்று பணத்தை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்காமல், ஊர் முழுவதற்கும் கிணறு, பள்ளி, மருத்துவம் என்று செலவிடுகின்றன. அது நல்லதே. ஆனாலும் ஒரு பெயரும் ஒரு முகமும் இல்லாவிட்டால் நாம் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்திருப்போமா? நம்மை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தியிருப்போம்.

பிரிவு வரும் விதம் எப்போதும் நான்கு வரிதான். பிள்ளை இடம்பெயர்கிறது, வேலைக்குப் போகிறது, திருமணம் செய்துவைக்கப்படுகிறது, வயது வரம்பைத் தாண்டுகிறது. சில சமயம் ஒரு நாட்டின் கதவே சாத்தப்படுகிறது. 2016இல் கம்பாஷன் அமைப்பின் பணம் உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியின்றி இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. 2017 மார்ச்சில் அது இந்தியாவிலிருந்து வெளியேறியது. ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளுக்கு ஆதரவு நின்றது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அந்த மாதத்தில் எத்தனை வீடுகளில், எத்தனை நாடுகளில், குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்த ஒரு படத்தை எடுப்பதா விடுவதா என்று நின்றிருப்பார்கள்! 2020இன் பெருந்தொற்றிலும் பல நாடுகளிலிருந்து மாதக்கணக்கில் கடிதங்கள் நின்றுபோயின.

இந்தத் துயரத்தை நாம் என்ன செய்வது? வேதத்தில் இதற்கு நெருக்கமான இரண்டு இடங்களை எனக்குத் தெரியும்.

ஒன்று, பவுல் எருசலேமிலுள்ள ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணம். மக்கெதோனியர் தாங்களே தரித்திரத்தில் இருந்தும், கொடுக்க இடம் தரும்படி பவுலை வருந்திக் கேட்டார்கள் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் எருசலேமைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். வாங்குகிறவர்கள் யூதர், கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் புறஜாதியார். அந்தப் பணம் அங்கே ஏற்றுக்கொள்ளப்படுமோ என்ற கலக்கம் பவுலுக்கே இருந்தது. அதற்காக ஜெபிக்கும்படி ரோமர் 15இல் கேட்டுக்கொள்கிறார். பிறகு என்ன நடந்தது? அப்போஸ்தலர் நடபடிகள் 24இல், தருமப்பணம் கொண்டுவந்தேன் என்று அவர் போகிறபோக்கில் சொல்லும் ஒரு குறிப்பு உண்டு. அவ்வளவுதான். எருசலேமிலிருந்து பிலிப்பிக்கோ தெசலோனிக்கேக்கோ ஒரு நன்றிக் கடிதம் போனதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு வரிகூட இல்லை. போயிருக்கலாம், நமக்கு வைக்கப்படவில்லை. லீதியாள் அதற்காக ஆற்றங்கரையில் காத்திருந்தாளோ என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்வதுண்டு. அது என் கற்பனை.

இன்னொன்று அன்னாள். ஜெபித்துப் பெற்ற ஒரே பிள்ளையைச் சீலோவில் ஏலியிடம் விட்டுவிட்டு வீடு திரும்பினாள். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்று 1 சாமுவேல் 2இல் ஒரே ஒரு வசனம். பிரசங்கங்களில் நாம் அவளுடைய கண்ணீரையும் பாட்டையும் பேசுகிறோம். அந்தச் சட்டையைத் தாண்டிப் போய்விடுகிறோம். அளவெடுக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. போன ஆண்டு தோள் இவ்வளவு இருந்தது; இந்த ஆண்டு இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று உத்தேசமாக வெட்டித் தைக்க வேண்டும். சில ஆண்டுகளில் சற்றுத் தளர்ந்தும், சில ஆண்டுகளில் சற்று இறுகியும் இருந்திருக்கும். நம்மைவிட அவள் பாக்கியவதி. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணால் கண்டாள். அந்தப் பிள்ளையும் அவள் பெற்றது. ஆனாலும் தன் கையில் இல்லாத ஒரு பிள்ளைக்காக உத்தேச அளவில் தைப்பது என்றால் என்ன என்று நீங்கள் அறிவீர்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இன்னும் கரடிப் பொம்மை ஒட்டுத்தாள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று திடீரென்று உணர்ந்த ஒரு தகப்பனை நம் சபையில் எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். "எங்கள் உகாண்டாப் பிள்ளை" என்று நாம் பிரியத்தோடு சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு தாய் இருக்கிறாள். மஞ்சள் ஜெர்ரிகேனில் தண்ணீர் சுமந்து, மக்காச்சோள மாவில் போஷோ கிளறி, பெப்ரவரியில் பள்ளி திறக்கும்போது சீருடைக்குத் திண்டாடுகிறவள் அவள். குடும்பத்தை எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. நம்மைக் கேட்கத் தேவையில்லை. வேலை கிடைத்துப் போயிருக்கலாம், உறவினரிடம் திரும்பியிருக்கலாம். நம் துக்கம் அவள்மேல் ஒரு குற்றச்சாட்டாக மாறிவிடக்கூடாது.

அழுவது முறையா என்று கேட்ட சகோதரிக்கு, இப்போது என் ஸ்பான்சர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். போர்டிங்கில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் இருந்தவர். ஒருமுறை ஒரு நாயோடு நின்று எடுத்த படம் அனுப்பினார். அதற்காகப் பையன்கள் ஒரு மாதம் என்னைக் கேலி செய்தார்கள். என் தகப்பனார் இறந்த செய்தி, இரண்டு ஆண்டுகள் கழித்து ஏதோ ஓர் அறிக்கையின் வழியாக அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்போது அவர் எழுதிய கடிதத்தை வார்டன் ஐயா தம் அறைக்கு என்னைத் தனியாக அழைத்து, தமிழில் படித்துச் சொன்னார். தமக்கு ஏழு வயதாயிருந்தபோது தம் தகப்பன் போருக்குப் போய்த் திரும்பவில்லை என்றும், பல ஆண்டுகள் கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்ததாகவும் எழுதியிருந்தார். கடைசியில், இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம் என்று இருந்தது.

அதைக் கேட்டபோதுதான் நான் முதன்முதலாக அப்பாவுக்காக அழுதேன். அடக்கத்தன்று அழுகை வரவில்லை.

பதில் எழுத வேண்டாம் என்றதனாலேயே அந்தக் கடிதத்தை என்னால் வாங்கிக்கொள்ள முடிந்தது. நம்மிடம் வாங்கும் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லிச் சொல்லிக் கழுத்து வலிக்கிறது. எதையும் கேட்காத ஒரு கடிதம் அவர்களுக்கு அபூர்வம். ஆகவே என் எண்ணம் இது: நன்றி எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டு, நாம்தான் அவர்களுக்குக் கடிதம் கடன்பட்டிருக்கிறோம் என்று எண்ணி எழுதுங்கள். நம் வீட்டின் பெருமைகளை எழுதவேண்டாம். மரம் முறிந்தது, பாட்டிக்குச் சுகமில்லை, பனியில் வழுக்கி விழுந்தேன் என்று எழுதுங்கள். அவள் வரைந்து அனுப்பிய ஆட்டின் கொம்பைப் பற்றி எழுதுங்கள். கேள்விகள் ஒன்றிரண்டு போதும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போர்டிங்கை விட்டு வந்தேன். அந்த அம்மாவுக்கு விடைகூறி ஒரு கடிதம் எழுதவில்லை. முகவரி என்னிடம் இல்லை, கேட்கவும் தோன்றவில்லை. கல்லூரி, வேலை, ஊழிய அழைப்பு என்று ஆண்டுகள் போய்விட்டன. பின்னாளில் விசாரித்தபோது பழைய பதிவேடுகள் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு சமையலறையில், நான் திட்டத்திலிருந்து விலகிவிட்டேன் என்ற நான்கு வரியை அவர் படித்திருப்பார். அழுதாரோ, வேறொரு பிள்ளையின் படம் வந்ததோ, எனக்குத் தெரியாது. அவருடைய கடிதத்தில் கேட்ட அந்தக் கதவுச் சத்தத்தை நான் இன்னும் என்னோடு வைத்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரியாது.

சகோதரி, அழுங்கள்.

அவர் இந்த வாரம் அந்தச் சிறுமிக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதி என்னிடம் தந்தார். எப்படியாவது சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அவள் பெயரைச் சபையின் ஜெபப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். புதிய பிள்ளையைப் பற்றி அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, அவசரமில்லை என்றேன். அந்தப் படம் அவருடைய வேதாகமத்துக்குள் இருக்கிறது. கேமராவை முறைத்துப் பார்க்கும் ஒரு பையன். வயது பதினொன்று என்று பின்புறத்தில் எழுதியிருக்கிறது.